ரசாயனம் குறைந்த சோபா வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோபா, திவான், மெத்தை வைத்த நாற்காலி, குழந்தையின் சாய்வு இருக்கை என்று எதை வாங்கப் போனாலும் நிறம், அளவு, விலை மூன்றையும்தான் பார்க்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் விற்பவருக்கே பாதி நேரம் தெரிவதில்லை. தெரிந்தவர்கள் என்னிடம் கேட்டவையும், சோபாவுக்காக நானே கடை கடையாக ஏறி இறங்கியபோது எழுந்தவையும் இந்தக் கேள்விகள்.

கெமிக்கலே இல்லாத சோபா கிடைக்குமா?

கிடைக்காது. தண்ணீரும் ஒரு கெமிக்கல்தான். அப்படி எழுதி விற்பவரைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். நாம் தேடுவது வேண்டாத ரசாயனம் குறைந்த சோபா. இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு: அதிகம் கவலைப்பட வேண்டிய ரசாயனங்களில் பல, சோபாவுக்கு அவசியமே இல்லாதவை. தீப்பிடிக்காது, கறை படியாது, கிருமி அண்டாது என்று கூடுதல் வசதியாகச் சேர்க்கப்பட்டவை. இந்த மூன்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாலே பாதிக்கு மேல் வேலை முடிந்தது.

சோபாவுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

பழைய சோபா ஒன்றை உறை மாற்றக் கொடுத்திருந்தேன். தைப்பவர் அதைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் அடித்திருந்த கறுப்புத் துணியைப் பிரித்ததும் மஞ்சள் தூள் பொலபொலவென்று கொட்டியது. கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் நொறுங்கிப்போன ஃபோம். "இவ்வளவு நாளா இதுமேலதான் உட்கார்ந்திருந்தீங்களா?" என்றார். உட்கார்ந்தது மட்டுமா, மதியத் தூக்கமே அதில்தான்.

மேலிருந்து கீழே பிரித்துக்கொண்டே போனால் முதலில் துணியோ தோலோ ரெக்சினோ வரும். அதன் கீழே மெல்லிய பாலியெஸ்டர் பஞ்சு, அப்புறம் ஃபோம், அதைத் தாங்கும் பெல்ட் அல்லது ஸ்பிரிங், கடைசியில் மரச் சட்டம். துணியில் கறைத் தடுப்புப் பூச்சு இருக்கலாம், ஃபோமில் தீத்தடுப்பு ரசாயனம், சட்டத்தில் பிளைவுட்டை ஒட்டிய பசை. அதனால் "துணி ஆர்கானிக்" என்ற ஒரு பதிலோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது.

அப்படியானால் ஃபோமே ஆபத்தானதா?

ஃபோம் என்று நாம் சொல்வது பாலியூரித்தேன். ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் 1937இல் கண்டுபிடித்த பொருள். பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு திரவங்களைக் கலந்து, கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் கரியமில வாயு கிளம்பி, தோசை மாவு போலப் பொங்கி எழுந்து இறுகிவிடும். இதில் ஐசோசயனேட் பொல்லாதது. ஃபோம் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு ஆஸ்துமா வர அது ஒரு காரணம். ஆனால் நன்றாக வினைபுரிந்து இறுகிய ஃபோமில் அது மிஞ்சுவது மிக மிகக் குறைவு. வீட்டில் உட்காருபவர் பயப்பட வேண்டியது ஃபோமைவிட, அதில் கலந்ததைப் பற்றித்தான்.

தீத்தடுப்பு ரசாயனத்தை ஏன் கலந்தார்கள்?

கொஞ்சம் நீளமான கதை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 1975இல் டி.பி. 117 என்ற விதியைக் கொண்டுவந்தது. சோபாவின் ஃபோம், சிறு தீச்சுடரை 12 விநாடி தாங்க வேண்டும். வெறும் ஃபோம் தாங்காது; ரசாயனம் கலந்தால்தான் தாங்கும். ஒரு மாநிலத்துக்கு மட்டும் தனியாகத் தயாரிப்பது செலவு என்பதால், பல நிறுவனங்கள் நாடு முழுவதற்கும் அதே ஃபோமையே போட்டுவிட்டன. ஃபோமின் எடையில் 5 சதவீதம் அளவுக்குக்கூட இந்த ரசாயனம் இருந்தது. ஏதோ சிட்டிகை உப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலில் அதிகம் பயன்பட்டது பென்டா பி.பி.டி.ஈ. என்ற புரோமின் ரசாயனம். உருவத்தில் நம் தைராய்டு ஹார்மோனைப் போலவே இருப்பதால் அதன் வேலையில் குறுக்கிடுகிறது. கருவில் இருக்கும்போதும் சிறு வயதிலும் மூளை வளர்ச்சியைப் பாதிப்பதாகப் பல ஆய்வுகள் காட்டின. 2004இல் ஐரோப்பா தடை செய்தது, அமெரிக்காவிலும் அந்த ஆண்டு முடிவில் உற்பத்தி நின்றது. 2009இல் எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலிலும் சேர்ந்தது.

சரி, ஒழிந்தது என்று பார்த்தால் தலைவலி போய்த் திருகுவலி வந்தது. அதன் இடத்துக்கு வந்தவற்றில் ஒன்று குளோரின் சேர்ந்த டிரிஸ். 1970களில் குழந்தைகளின் இரவு உடையில் பயன்பட்டு, மரபணுவைச் சேதப்படுத்தக்கூடும் என்று தெரிந்ததும் கைவிடப்பட்ட அதே பொருள்! உடையிலிருந்து போனது சோபாவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. 2011இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகக் கலிஃபோர்னியாவே பட்டியலிட்டது. 2012இல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்க வீடுகளிலிருந்து 102 சோபாக்களின் ஃபோம் துண்டுகளைச் சோதித்ததில், 85 சதவீதத்தில் ஏதோ ஒரு தீத்தடுப்பு ரசாயனம் இருந்தது.

தீத்தடுப்பு இல்லாவிட்டால் வீடு பற்றிக்கொள்ளாதா?

நியாயமான கேள்வி. ஃபோம் வேகமாக எரியும் பொருள்தான், அதில் சந்தேகமே இல்லை. எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். ஆனால் சோபாவில் முதலில் பற்றுவது ஃபோம் அல்ல, துணி. துணி முழுதும் எரிந்து ஃபோமைத் தொடும்போது அது 12 விநாடிச் சிறு சுடராக இருக்காது, பெருந்தீயாக இருக்கும். ஃபோமில் கலந்த ரசாயனம் அப்போது பெரிதாக எதையும் தடுப்பதில்லை. போதாததற்குப் புகையின் நச்சைக் கூட்டுகிறது.

சோபாத் தீ பல நேரம் தொடங்குவது அணையாத சிகரெட் துண்டிலிருந்து, புகைந்து புகைந்து. இதைப் புரிந்துகொண்டுதான் கலிஃபோர்னியா தன் விதியை மாற்றி டி.பி. 117-2013 என்று வெளியிட்டது. அதில் தீச்சுடர்ச் சோதனை கிடையாது. புகையும் சிகரெட்டை உறைத் துணி தாங்குகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நெருக்கமாக நெய்த பல துணிகள் எந்த ரசாயனமும் இல்லாமலே இதில் தேறிவிடும். 2021 ஜூன் முதல் அமெரிக்கா முழுவதற்கும் இதுவே விதி. மாறாக, பிரிட்டனின் 1988 விதி தீச்சுடர்ச் சோதனையைக் கேட்டது. அந்தச் சந்தைக்காகத் தயாரான சோபாக்களில் ஃபோமிலும் துணியின் பின்பக்கப் பூச்சிலும் தீத்தடுப்பு ரசாயனம் இருப்பது வழக்கம்.

வீட்டுக்கு ஒரு புகை எச்சரிக்கைக் கருவி வாங்கி மாட்டுங்கள். சோபாவில் படுத்துப் புகைக்காதீர்கள். ஃபோமில் ரசாயனம் கலப்பதைவிட இந்த இரண்டையும்தான் நான் நம்புவேன்.

ஃபோமுக்குள் இருப்பது என் உடம்புக்குள் எப்படி வரும்? நான் சோபாவைக் கடிக்கவில்லையே!

தூசி வழியாக. இந்த ரசாயனங்கள் பல ஃபோமோடு பிணைந்திருப்பதில்லை. சும்மா கலந்து நிற்கின்றன. உட்காரும்போதும் எழும்போதும் ஃபோம் காற்றை இழுத்து விடும், கூடவே இவையும் மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் படியும். தூசி கையில் ஒட்டும், கை வாய்க்குப் போகும். பெரியவர்களைவிடத் தவழும் குழந்தைக்கு இது அதிகம். தரையில் கிடப்பது, எதையும் வாயில் வைப்பது இரண்டும் அதன் முழுநேர வேலை. ரோமத்தில் படிந்த தூசியை நக்கும் வீட்டுப் பூனைகளின் ரத்தத்திலும் பி.பி.டி.ஈ. மிக அதிகமாக இருந்ததை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

லேபிளில் எதைத் தேட வேண்டும்?

குஷனின் ஜிப்பைத் திறந்து உள்பக்கம் பாருங்கள், அல்லது சோபாவைச் சாய்த்து அடியைப் பாருங்கள். கடையில் இதைச் செய்தால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

அமெரிக்கச் சந்தைக்கான பொருளானால் டி.பி. 117 என்று மட்டும் போட்டிருக்கிறதா, 117-2013 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் ஆண்டு இல்லாவிட்டால் பழைய விதி. தீத்தடுப்பு ரசாயனம் அநேகமாக இருக்கும். 2013 என்று இருந்தாலும் உடனே மகிழ வேண்டாம். புதிய விதிக்கு ரசாயனம் தேவையில்லை, அவ்வளவுதான். கலந்தால் தவறு என்று அந்த விதி சொல்லவில்லை. 2015 முதல் கலிஃபோர்னியாவில் விற்பனைக்கு வருபவற்றில் 'தீத்தடுப்பு ரசாயனம் சேர்க்கப்பட்டுள்ளது', 'சேர்க்கப்படவில்லை' என்ற இரண்டில் ஒன்றைக் குறித்திருக்க வேண்டும். நாம் தேடும் வரி அதுதான். 2020 முதல் அங்கே ஃபோமில் 0.1 சதவீதத்துக்கு மேல் இவை இருக்கவே கூடாது என்று சட்டம் வந்துவிட்டது.

லேபிளே இல்லையா? தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் கேளுங்கள். வாய்ச்சொல்லில் எல்லாச் சோபாவும் சுத்தமானதுதான்.

கறை படியாத துணி வாங்கலாமா? குழந்தைகள் இருக்கும் வீடு...

குழந்தைகள் இருப்பதால்தான் வேண்டாம் என்கிறேன். கறைத் தடுப்புப் பூச்சில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தவை பி.எஃப்.ஏ.எஸ். என்ற ஃபுளோரின் ரசாயனங்கள். கரிமமும் ஃபுளோரினும் சேர்ந்த பிணைப்பு இயற்கையில் எளிதில் உடையாது. மண்ணிலும் தண்ணீரிலும் தங்கிவிடும், சில வகைகள் மனித ரத்தத்திலும் வருடக்கணக்கில் தங்கும். புகழ்பெற்ற ஸ்காட்ச்கார்டு கறைத் தடுப்பானில் இருந்த இந்த வகை ரசாயனத்தைக் கைவிடுவதாக 3எம் நிறுவனம் 2000ஆம் ஆண்டு அறிவித்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.எஸ். 2009இலும் பி.எஃப்.ஓ.ஏ. 2019இலும் ஸ்டாக்ஹோம் பட்டியலில் சேர்ந்தன. அப்புறமும் அதே குடும்பத்தின் தம்பி தங்கைகள் சந்தைக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். கடையில் துணி மாதிரித் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். அதன் ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர், இன்னொரு மூலையில் ஒரு சொட்டு சமையல் எண்ணெய் விடுங்கள். தண்ணீர் மட்டும் முத்துப்போல நின்று எண்ணெய் ஊறிவிட்டால் அது மெழுகோ சிலிக்கோனோ ஆக இருக்கலாம். எண்ணெயும் ஊறாமல் உருண்டு நின்றால் அங்கே ஃபுளோரின் பூச்சு இருக்க வாய்ப்பு மிக அதிகம். சாதாரணத் துணியில் எண்ணெயை அப்படி நிறுத்தி வைக்க வேறு பூச்சுகளால் பொதுவாக முடிவதில்லை. ஆய்வகச் சோதனை அளவுக்கு உறுதியானதல்ல, ஆனாலும் விற்பனையாளரின் பேச்சைவிட மேல்.

கறைக்கு என்ன வழி என்றால், கழற்றித் துவைக்கக்கூடிய உறை. கொஞ்சம் அடர்ந்த நிறம், கண்ணுக்கு நெருக்கடி தராத ஒரு டிசைன். விற்கும்போது "கூடுதலாகக் கறைப் பாதுகாப்பு அடித்துத் தருகிறோம்" என்பார்கள். இலவசம் என்றாலும் வேண்டாம்.

கிருமி எதிர்ப்புத் துணி?

வீட்டுக்குத் தேவையில்லை.

ரெக்சின், தோல், 'போண்டட்' தோல்: எது பரவாயில்லை?

ரெக்சின் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு ரகம். பி.வி.சி. ரகத்தை மென்மையாக்கத் தாலேட் என்ற ரசாயனங்களைச் சேர்ப்பது வழக்கம். அதில் சில ஹார்மோன் வேலையைக் குழப்புபவை. பி.யு. (பாலியூரித்தேன்) ரகத்துக்கு அந்த மென்மையாக்கி தேவைப்படாது. இரண்டில் ஒன்றென்றால் பி.யு. போண்டட் தோல் என்பது தோல் தூளையும் பாலிமரையும் சேர்த்து அழுத்திய தாள்; சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். என்னைக் கேட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அசல் தோலைப் பெரும்பாலும் குரோமியம் உப்பில் பதனிடுகிறார்கள். சரியாகச் செய்தால் அது அவ்வளவு தொல்லையில்லாத வடிவில் இருக்கும். செய்முறை பிசகினால் அலர்ஜி தரும் ஆறிணைதிறன் குரோமியம் உருவாகும். நம் சருமத்தைத் தொடும் தோல் பொருள்களில் இதற்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற வரம்பு ஐரோப்பாவில் 2015 முதல் உண்டு. குரோமியம் அலர்ஜி உள்ளவர்கள் துணிச் சோபாவையே பாருங்கள்.

சோபாவுக்குள் கிடக்கும் வெள்ளைப் பொட்டலங்கள் என்ன?

பெரும்பாலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா. சாதுவானது, எடுத்துக் குப்பையில் போடலாம். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு மோசமான கதை உண்டு. 2007, 2008 வாக்கில் ஃபின்லாந்திலும் பிரிட்டனிலும் முதுகிலும் தொடையிலும் தீக்காயம் பட்டதுபோலப் புண்ணாகிப் பலர் மருத்துவமனைக்கு வந்தார்கள். எல்லோர் வீட்டிலும் புதுச் சோபா. கப்பலில் வரும்போது பூஞ்சை பிடிக்காமலிருக்க உள்ளே வைத்த பொட்டலங்களில் டைமெதில் ஃபியூமரேட் என்ற பூஞ்சைக்கொல்லி இருந்தது. உட்காருபவரின் உடல் சூட்டில் அது ஆவியாகி, சோபாத் தோலையும் உடையையும் கடந்து சருமத்தைத் தொட்டிருக்கிறது. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கும் பொருள்களைத் தடை செய்தது.

சட்டம் மரமா, பிளைவுட்டா?

முழு மரம் கிடைத்தால் சந்தோஷம். பிளைவுட், மரத்துண்டுகளை அழுத்திய பார்ட்டிகிள் போர்டு, மரநாரை அழுத்திய எம்.டி.எஃப். மூன்றையும் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை ஒட்டி வைத்திருக்கிறது. ஃபார்மால்டிஹைடு கண் எரிச்சல் மட்டுமல்ல, புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வகைப்படுத்தியது. வெப்பமும் ஈரமும் கூடினால் பலகை அதிகம் கக்கும். அறுத்த விளிம்பு, துளை போட்ட இடம் எல்லாம் மூடாமல் இருந்தால் இன்னும் அதிகம்.

அமெரிக்க விதியில் பலகையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு பத்து லட்சம் பங்கு காற்றில் பிளைவுட்டுக்கு 0.05, பார்ட்டிகிள் போர்டுக்கு 0.09, எம்.டி.எஃப்.புக்கு 0.11 பங்கைத் தாண்டக் கூடாது. ஐரோப்பாவில் ஈ1 தரம் என்பார்கள். இந்த இரண்டில் ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். தச்சரிடம் சொல்லிச் செய்வதானால், விளிம்புகளை மூடிவிடச் சொல்லுங்கள்.

சான்றிதழ்களில் எதை நம்பலாம்?

ஒவ்வொன்றும் ஒரு பகுதியை மட்டும்தான் பார்க்கிறது; நம் ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. செர்ட்டிபூர்-யு.எஸ். ஃபோமை மட்டும் பார்க்கும், பி.பி.டி.ஈ., குளோரின் டிரிஸ் போன்றவை இல்லை என்பதையும், ஆவியாகும் பொருள் குறைவு என்பதையும் சொல்லும். எந்தத் தீத்தடுப்பு ரசாயனமும் இல்லை என்பது அதன் பொருளல்ல. கிரீன்கார்டு கோல்டு (GREENGUARD Gold), பொருளை ஒரு அறையில் வைத்துக் காற்றில் என்ன வருகிறது என்று அளக்கும். ஃபார்மால்டிஹைடுக்கு நல்ல சான்று; எளிதில் ஆவியாகாத ரசாயனங்களைப் பற்றி அதிகம் சொல்லாது. ஓகோ-டெக்ஸ் 100 துணிக்கு. அதில் நான்கு வகுப்புகள்: முதல் வகுப்பு கைக்குழந்தைக்கு, நான்காவது அலங்காரத் துணிகளுக்கு. முதல் வகுப்பில் ஃபார்மால்டிஹைடு அளக்கும்படி இருக்கவே கூடாது. நான்காவதில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் வரை போகலாம். ஒரே முத்திரை, உள்ளே இவ்வளவு வித்தியாசம்! முத்திரையில் உள்ள எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். ஆர்கானிக் துணிக்குக் காட்ஸ் (GOTS) முத்திரை, ஆர்கானிக் லேட்டக்ஸுக்குக் கோல்ஸ் (GOLS) முத்திரை.

ஃபோமுக்குப் பதில் இயற்கைப் பொருள் வைக்கலாமா?

தாராளமாக. ரப்பர் பாலில் செய்த லேட்டக்ஸ், லேட்டக்ஸ் தெளித்து அழுத்திய தேங்காய் நார், பருத்திப் பஞ்சு, இலவம் பஞ்சு, கம்பளி. லேட்டக்ஸ் வாங்கும்போது 'இயற்கை' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். செயற்கை ரப்பர் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். லேட்டக்ஸ் அலர்ஜி உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது. இலவம் பஞ்சு அமுங்கிப்போகும், அடிக்கடி தட்டி உதற வேண்டும், எளிதில் தீயும் பிடிக்கும். கம்பளி மட்டும் வித்தியாசம்: எந்த ரசாயனமும் இல்லாமலே சட்டென்று தீப்பிடிக்காது.

புதுச் சோபாவின் வாசனை போனால் ஆபத்தும் போய்விட்டதா?

வாசனை தருபவை எளிதில் ஆவியாகும் பொருள்கள். முதல் சில நாள்களில் வேகமாகக் குறையும், அதனால் ஜன்னலைத் திறந்து வைத்துக் காற்றோட்டமாகப் போட்டு வையுங்கள். ஆனால் பி.எஃப்.ஏ.எஸ்.ஸோ பி.பி.டி.ஈ.யோ மூக்குக்குத் தெரிவதில்லை. வாசனை வராத சோபா சுத்தமான சோபா என்று கணக்குப் போட முடியாது.

பழைய சோபாவை வாங்கலாமா, இருப்பதை வைத்துக்கொள்ளலாமா?

எந்தச் சந்தைக்குத் தயாரானது என்பதைப் பொறுத்தது. 2005க்கு முன் அமெரிக்காவுக்காகச் செய்ததானால் பென்டா பி.பி.டி.ஈ. இருக்க வாய்ப்பு அதிகம். ஃபோம் நொறுங்கித் தூளாகிறதா, உறை கிழிந்து ஃபோம் தெரிகிறதா? அப்படியானால் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். சட்டம் நன்றாக இருந்தால் முழுச் சோபாவையும் தூக்கி எறிய வேண்டாம். கலிஃபோர்னியாவில் சில வீடுகளில் சோபாவை மாற்றியும், வேறு சில வீடுகளில் ஃபோமை மட்டும் மாற்றியும் பார்த்தார்கள். இரண்டு விதத்திலும் வீட்டுத் தூசியில் தீத்தடுப்பு ரசாயனம் குறைந்தது. உறை மாற்றும்போது துணிக்கு மட்டும் பணம் செலவழித்துப் பழைய ஃபோமையே உள்ளே திணித்துத் தைக்கச் சொல்லாதீர்கள். நான் அதைத்தான் செய்ய இருந்தேன். அந்த மஞ்சள் தூள் காப்பாற்றியது.

இப்போதைக்கு எதையும் மாற்ற முடியாது. என்ன செய்யலாம்?

சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சாதாரண அறிவுரைதான், ஆனால் தூசி வாய்க்குப் போகும் பாதையை நேராக வெட்டுவது இதுதான். வறண்ட துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பி மறுபடி படியும், ஈரத்துணியால் துடையுங்கள். வாக்குவம் இருந்தால் நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதாக இருக்கட்டும், குஷனை எடுத்துவிட்டு இடுக்குகளிலும் இழுங்கள். கிழிந்த இடத்தை உடனே தைத்துவிடுங்கள்.

கழித்த ஃபோமை எரித்துவிடலாமா?

கூடவே கூடாது. புரோமின், குளோரின் ரசாயனம் கலந்த ஃபோமைத் திறந்த வெளியில் எரித்தால் டயாக்சின் வகை நச்சுகள் வரும். தலையணைக்கும் விளையாட்டுப் பொம்மைக்கும் அடைக்கவும் கொடுக்காதீர்கள். தூள் கொட்டாமல் பெரிய பையில் போட்டுக் கட்டி, குப்பை எடுப்பவரிடம் பழைய சோபா ஃபோம் என்று சொல்லிக் கொடுங்கள்.